சுவருக்குள் வயர், சுவரிலே தழும்பு

'ஆகாசவாணி' என்ற பெயர் இந்திய வானொலிக்குப் போனது மைசூரிலிருந்துதான். 1935-ல் மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம்.வி. கோபாலசாமி தன் வீட்டிலேயே ஒலிபரப்பு நிலையம் தொடங்கி அந்தப் பெயரை வைத்தார். (தமிழர்கள் 'வானொலி'தான் என்று பிடிவாதமாக நின்றது தனிக் கதை.) அன்று பாட்டு கேட்க விரும்பியவர் பெட்டியருகே போய் உட்கார்ந்தார். இன்று பெட்டி கூடத்தின் நாலு மூலைக்கும் பிரிந்துவிட்டது. ஆனால் வயர் மட்டும் யார் கண்ணிலும் படக் கூடாதாம்.

புது அடுக்குமாடி வீடுகளில் இதில் பெரிய வில்லங்கம் இல்லை. சாமராஜபுரம், லட்சுமிபுரம் பக்கத்துப் பழைய வீடுகளில்தான் சிக்கல். அங்கே பல சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். கன்னடத்தில் இந்தச் சாந்துக்கு 'காரெ' என்று பெயர். கொத்து வேலையே 'காரெ கெலஸ'. 'காரை பெயர்ந்த சுவர்' என்கிறோமே, அதே காரை.

எலக்ட்ரீஷியன் மெஷினால் இரண்டு கோடு அறுத்து, நடுவே உளியால் கொத்தி, பைப்பைச் செருகிவிட்டுப் போய்விடுகிறார். பின்னால் வருபவர் கையில் இருக்கும் சிமென்ட்டைக் குழைத்து அப்பிவிடுகிறார். கெடுதல் இங்கேதான் தொடங்குகிறது. காரை இளக்கமானது, ஈரத்தை வாங்கி மெல்லக் காற்றில் விட்டுவிடும். சிமென்ட் கெட்டி, ஈரத்தை அவ்வளவாக விடாது. ஆகவே ஈரம் பட்டையின் இரு ஓரத்திலும் வழி தேடுகிறது. உப்புப் பூக்கிறது, பெயின்ட் உரிகிறது, விளிம்பில் விரிசல் விடுகிறது. ஒரு மழைக்காலம் போனால் பைப் போன தடம் முழுக்கத் தெரியும். மறைக்கப்போன வயருக்கு நாமே வரைபடம் போட்டுக் கொடுத்த மாதிரி.

இது அழகுப் பிரச்சினை மட்டுமல்ல. 2012 ஆகஸ்டில் மைசூரின் லான்ஸ்டவுன் கட்டடத்தில் ஒரு பகுதி இடிந்து நான்கு பேர் இறந்தனர். 2016-ல் தேவராஜ மார்க்கெட்டின் ஒரு பகுதி சரிந்தது. பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா என்ற வாதம் பல ஆண்டுகள் ஊரை ஆட்டிவைத்தது. வயர்த் தடம் கட்டடத்தைச் சாய்த்துவிடும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் பழைய சுவரை எதையும் தாங்கும் பாறையாக நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது.

முதலில் சுவரைச் சோதியுங்கள். ஒரு ஓரத்தில் சாவியால் சுரண்டினால் வெள்ளையாக உதிர்வது காரை. சாம்பல் நிறத்தில் கீறல் மட்டும் விழுந்தால் சிமென்ட். தட்டிப் பார்த்து 'பொத பொத'வென்று கேட்டால் உளியைக் கீழே வைத்துவிடலாம். வெட்டுவதானால் மேலிருந்து கீழாக வெட்டுவதே நல்லது. படுக்கைவாட்டில் நீளமாக வெட்டினால் சுவர் பலமிழக்கும். 9 அங்குலச் சுவரில் ஒன்றரை அங்குலத்துக்கு மேல் ஆழம் வேண்டாம். நாலரை அங்குலச் சுவரைத் தொடவே வேண்டாம். தரையோரப் பட்டியலின் மறைவில் வயரை ஓட்டினால் யாருக்கும் குறைந்துபோகாது. வயர்லெஸ் வாங்கினால் தீர்ந்தது என்பவர்கள், அந்த ஸ்பீக்கருக்கும் கரண்ட் வயர் வேண்டும் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

வயரை நேராகப் பதிக்காமல் முக்கால் அங்குல பைப்புக்குள் விடுங்கள். நாளை மாற்ற வேண்டுமானால் இழுத்துக்கொள்ளலாம். கரண்ட் வயர் போகும் பைப்பில் இதையும் திணிக்கக் கூடாது. 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 10 மீட்டர் தூரத்துக்குத் தாராளம்.

பூசும்போது தூசியைத் துடைத்து, தடத்தை நன்றாக நனைக்க வேண்டும். நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கொஞ்சம் நறுக்கிய சணல். ஒரே அப்பாக அப்பாமல் அரை அங்குலத்துக்கு மிகாத அடுக்குகளாக, ஒன்று இறுகிய பிறகு அடுத்தது. காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கித்தான் சுண்ணாம்பு இறுகும். சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், எனவே ஈரத்துணி போட்டு வைக்க வேண்டும். மேஸ்திரிகள் அவசரப்படுவது இங்கேதான். நாள்கூலிக்காரரைக் குறை சொல்ல முடியாது. வேலை இரண்டே நாளில் முடிய வேண்டும் என்று நெருக்குவது நாம். ஒரு மாதம் போனபின் மேலே சுண்ணாம்பு வெள்ளை அடியுங்கள். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் இத்தனை பாடும் வீண்.

பூசுவதற்கு முன் பைப் போகும் வழியை, பக்கத்தில் அளவுநாடாவைப் பிடித்துப் படம் எடுத்து, பிரதி ஒன்றை வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து வையுங்கள். அடுத்த தசராவுக்குக் கொலுப் பலகைக்காக யாராவது ஆணி அடிக்க வருவார்கள்.