முகவரியை மறைக்க வேண்டாம்

வீட்டில் நெய்த பட்டுச்சேலையை வாட்ஸ்அப் பிசினஸில் விற்க நினைக்கும் முசரவாக்கத்துப் பிள்ளைக்குப் படம் எடுப்பது கஷ்டமில்லை. முகவரி எழுதும்போதுதான் கை நிற்கிறது. ‘காலனி’ என்று போட்டால் சாதி தெரிந்துவிடுமே!

பயம் வீணல்ல. பம்பாயில் முதலீட்டு ஆலோசனை நிறுவனம் நடத்திய அம்பேத்கரிடமிருந்தே, சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டப்பேரவையில் முதல்வர் அறிவித்தார். சரி, கூகுள் மேப்பில் யார் நீக்குவது? நாம்தான் திருத்தம் அனுப்ப வேண்டும்.

மும்பையில் சுதீர் ராஜ்பர், வசையாக்கப்பட்ட சாதிப் பெயரையே ‘சமார் ஸ்டூடியோ’ என்று தன் பைகளுக்குச் சூட்டினார். எல்லோருக்கும் அந்தத் துணிச்சல் வராது. வரவேண்டும் என்றும் இல்லை. தறியில் ஓடும் சேலையை, நெய்கிறவர் முகத்தோடு, விலையோடு வீடியோவாகப் போடுங்கள். இடைத்தரகரால் அதைக் காட்ட முடியாது.

முதலுக்கு, மாவட்டத் தொழில் மையத்தில் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது: 35 சதவீத மானியம்.