இருபத்திரண்டு குழந்தைகள், ஒரே பூ

வகுப்பறைச் சுவரில் ஒட்டுகிற காகிதச் செர்ரிப் பூவைப் பற்றியெல்லாம் சண்டை போட்டு ஒரு கட்டுரை எழுத வேண்டுமா என்று நீங்கள் கேட்கலாம். முப்பத்தொரு வருஷம் தமிழ்நாட்டில் டிராயிங் மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆனவன் வேறு எதற்குச் சண்டை போடுவான், சொல்லுங்கள்!

இப்போது வர்ஜீனியாவில் மகள் வீட்டில் இருக்கிறேன். வாஷிங்டன் நகரம் பக்கத்தில்தான். மார்ச் மாதக் கடைசியில் இந்த ஊர் முழுக்கச் செர்ரிப் பூ பேச்சுதான். 1910-ல் டோக்கியோ நகரம் அன்பளிப்பாக அனுப்பிய 2,000 மரக்கன்றுகளில் பூச்சி இருந்ததென்று இங்கே கொளுத்திவிட்டார்கள். ஜப்பான்காரர்கள் மனம் கோணாமல் 1912-ல் மறுபடியும் 3,020 மரங்களை அனுப்பி வைத்தார்கள். அதனால் இந்த வட்டாரத்துப் பள்ளிகளில் வசந்தம் என்றால் சுவரில் செர்ரிக் கிளை வந்துவிடும். ஜப்பானிலோ பள்ளி ஆண்டே ஏப்ரலில்தான் தொடங்குகிறது. ஒன்றாம் வகுப்புக்கு வரும் குழந்தையைக் காகித சகுரா பூவால் வரவேற்பார்கள். நல்ல வழக்கம். பூவின் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அதைச் செய்கிற முறையின் மேல்தான் கோபம்.

எப்படிச் செய்கிறார்கள் என்று சொல்கிறேன். என் பேத்தி கிண்டர்கார்டன் படிக்கிறாள். ஒரு நாள் அவள் பையில் பெரிய கவர் ஒன்று வந்தது. ரோஸ் கலர் காகிதம், ஒரு பூ டெம்ப்ளேட், கூடவே ஒரு சீட்டு. குழந்தைக்கு ஆறு பூ வீதம் இருபத்திரண்டு குழந்தைகளுக்கு, மொத்தம் 132 பூ, பெற்றோர் வெட்டி அனுப்ப வேண்டும், அளவு மாறக் கூடாது. மகளும் மருமகனும் ஆபீஸ் வேலை முடிந்து ராத்திரி பத்து மணி வரை உட்கார்ந்து வெட்டினார்கள். பழுப்புக் காகிதத்தில் கிளை வெட்டுவது இன்னொரு வீட்டுக்குப் போயிருந்தது. பள்ளியில் குழந்தைகளுக்கு மிச்சமிருந்த வேலை க்ளூ ஸ்டிக் தடவி, புள்ளி வைத்த இடத்தில் ஒட்டுவது. ஒரு கையெழுத்தை இருபத்திரண்டு தடவை போட்டதுபோல இருந்தது அந்தச் சுவர்.

அடுத்த சனிக்கிழமை பேத்தியிடம் ஒரு காகிதத்தையும் குழந்தைகள் கத்தரிக்கோலையும் கொடுத்து, “ஒரு பூ வெட்டு கண்ணு” என்றேன். அவள் கையை எடுத்துக்கொண்டாள். “நான் வெட்டினா கோணலாப் போயிடும் தாத்தா. அம்மாவே வெட்டட்டும்” என்றாள்.

ஐந்து வயசுக் குழந்தைக்குத் தன் கை உதவாது என்று யார் சொல்லிக் கொடுத்தது? யாரும் வாயால் சொல்லவில்லை. அந்தச் சுவர் சொல்லிவிட்டது.

டீச்சர்கள் மேல் நான் பழி போடவில்லை. இந்த நாட்டில் டீச்சர்கள் தங்கள் கைக்காசைப் போட்டுத்தான் வகுப்புச் சாமான்கள் வாங்குகிறார்கள். அது எவ்வளவு சகஜம் என்றால், வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ள அரசாங்கமே தனியாக இடம் கொடுத்திருக்கிறது. சுவர் பளிச்சென்று இல்லாவிட்டால் வகுப்பைப் பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயமும் அவர்களுக்கு இருக்கும். ஆக, அந்தப் பூ பெரியவர்களுக்குப் பெரியவர்கள் காட்டுகிற பூ. குழந்தை நடுவில் பசை தடவ வந்த கூலியாள்.

“சுவர் நிறைய அலங்காரம் இருந்தால்தான் குழந்தைக்கு உற்சாகம்” என்பார்கள். 2014-ல் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். 24 கிண்டர்கார்டன் குழந்தைகளுக்கு அலங்காரம் நிறைந்த அறையில் சில பாடங்களும், வெறும் சுவர் உள்ள அறையில் சில பாடங்களும் நடத்தினார்கள். அலங்கார அறையில் பாட நேரத்தில் 38.6 சதவீதம் கவனம் வேறெங்கோ போனது. வெறும் சுவர் அறையில் 28.4 சதவீதம்தான். பாடம் முடிந்து கேட்ட கேள்விகளுக்குச் சரியான பதில் அங்கே 42 சதவீதம், இங்கே 55. சின்ன ஆய்வுதான். ஆனாலும் சுவரை நிரப்பியே தீர வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் யோசிக்க வேண்டிய கணக்கு.

“சின்னக் குழந்தைக்கு வெட்ட வராது” என்பது அடுத்த வாதம். டெம்ப்ளேட்டின் கோடு பிசகாமல் வெட்ட வராதுதான். அந்தக் கோடு எதற்கு? ரோஸ் சாயத்தில் விரல் நுனியைத் தொட்டு வட்டமாக ஐந்து தடவை ஒற்றினால் பூ வந்துவிடும். டிஷ்யூ பேப்பரைக் கையால் கிழித்து, பென்சில் முனையில் சுற்றி, பசையில் அழுத்தினாலும் பூதான். கறுப்பு மசியை ஒரு சொட்டு விட்டு ஸ்ட்ராவால் ஊதினால் அது ஓடுகிற வழியெல்லாம் கிளை. இரண்டு பேர் ஊதிய கிளை ஒரே மாதிரி வரவே வராது. எட்டு, ஒன்பது வயசுப் பிள்ளைகளுக்கு, காகிதத்தை மடித்து ஒரே வெட்டில் ஐந்து இதழ் எடுக்கும் ஜப்பானிய முறையைச் சொல்லிக் கொடுக்கலாம். அதில் கணக்குப் பாடமும் இருக்கிறது. என் காலத்தில் கணக்கு வாத்தியார்கள் டிராயிங் பீரியடைக் கடன் வாங்கிப் போவார்கள். அந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இப்படியாவது கொஞ்சம் வசூலாகட்டும்.

எனக்கு மிகவும் வலிப்பது வேறு ஒன்று. அந்தப் பள்ளியின் வாசலிலேயே இரண்டு செர்ரி மரம் பூத்து நிற்கிறது. ஒரு குழந்தையையும் அதன் அடியில் கூட்டிப் போகவில்லை. போயிருந்தால் டெம்ப்ளேட் எவ்வளவு பொய் என்று அந்த வாண்டுகளே கண்டுபிடித்திருக்கும். இங்கே அதிகம் இருக்கும் யோஷினோ வகைப் பூ கிட்டத்தட்ட வெள்ளை; காகிதத்தில் இருந்த அடர் ரோஸ் அல்ல. ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு பிளவு இருக்கும். பூக்கள் கிளையில் ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை; ஒரே மொட்டிலிருந்து காம்பு காம்பாகக் கிளம்பிக் கொத்தாகத் தொங்கும். இலை பிறகுதான் வரும். பட்டையில் குறுக்குக் கோடுகள் ஓடும். 2 லிட்டர் சோடா பாட்டிலின் அடிப்பாகத்தைச் சாயத்தில் தோய்த்து முத்திரை குத்தி, செர்ரிப் பூ என்று சுவரில் மாட்டுகிறவர்களும் உண்டு. பூவைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்துப் படித்த பாடம் அது!

“இதற்கெல்லாம் நேரம் ஏது?” என்று கேட்பார்கள். மரத்தடியில் பத்து நிமிஷம் போதும். பறிக்க வேண்டாம், உதிர்ந்த பூவை ஆளுக்கு ஒன்று பொறுக்கிக்கொள்ளட்டும். இதழை எண்ணட்டும், நுனியைத் தடவிப் பார்க்கட்டும். மறுநாள் செய்யட்டும். ஒருவன் ஆறு இதழ் போட்டால் போடட்டும்; அடுத்த தடவை மரத்தடிக்குப் போகும்போது அவனே எண்ணித் திருத்திக்கொள்வான். செய்ததைக் குழந்தையின் கண் உயரத்தில், பெயர் எழுதி மாட்டுங்கள். மரத்தில் பூ நிற்பது ஒரு வாரம், பத்து நாள். அது உதிரும்போது சுவரிலிருப்பதையும் எடுத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள். ஜூன் வரை சுவரில் தூசி படிந்து வெளிறிக் கிடக்கிற பூவில் வசந்தம் எங்கே இருக்கிறது?

என்னைப்போல் ஆறு மாத விசாவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிற தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேரன் பேத்தி பையிலும் அந்தக் கவர் வரும். “பொழுது போகவில்லை, கொடு, நானே வெட்டித் தருகிறேன்” என்று ஆசையாகக் கத்தரிக்கோலை எடுப்பீர்கள். எடுங்கள். எடுத்துக் குழந்தை கையில் கொடுங்கள். கோணலாக வந்த பூவை அப்படியே கவரில் போட்டு அனுப்புங்கள். அளவு சரியில்லை என்று பள்ளியிலிருந்து சீட்டு வந்தால், அதற்குப் பதில் எழுத இந்தக் கிழவன் இருக்கிறேன்.