தீயணைப்பும் பர்ளு கிஃபாயாவே

 

ஊரில் ஒரு மய்யித் விழுந்தால் சிலர் ஜனாஸா கடமைகளை நிறைவேற்றினால் போதும். அனைவர் மீதுள்ள பொறுப்பும் நீங்கிவிடும். ஒருவருமே முன்வராவிட்டால் ஊர் முழுவதும் குற்றத்திற்குள்ளாகும். இதுவே பர்ளு கிஃபாயா என்று மதரஸாவின் தொடக்க வகுப்பிலேயே கற்பிக்கிறோம். குளிப்பாட்டவும், கபன் இடவும், கப்ரு வெட்டவும், சந்தூக்கைச் சுமக்கவும் ஒவ்வொரு மஹல்லாவிலும் ஆள் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் உயிரோடு இருக்கும் ஒருவரைத் தீயிலிருந்து மீட்க நம் மஹல்லாவில் யார் இருக்கிறார்கள்?

தொழுதுகொண்டிருப்பவரும், தீயிலோ நீரிலோ சிக்கியவரைத் தம்மால் காப்பாற்ற இயலுமெனில் தொழுகையை முறித்துவிட்டு ஓட வேண்டும் என்று ஃபிக்ஹு நூல்கள் கூறுகின்றன. தொழுகையையே நிறுத்திவைக்கும் அளவு கனமான கடமைக்கு, நாம் எந்த ஆயத்தமும் செய்யாமல் இருக்கிறோம்.

மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு தீப்பற்றி எரிந்தது. செய்தி எட்டியபோது, நெருப்பு நமக்குப் பகை என்பதையும், உறங்கும் முன் அதை அணைத்துவிட வேண்டும் என்பதையும் நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். புகாரியில் இடம்பெறும் செய்தி இது. ஹிஜ்ரி 654ஆம் ஆண்டு ரமளானின் தொடக்க இரவில் மஸ்ஜிதுந் நபவியே தீக்கிரையானது. விளக்குப் பொருள்கள் வைக்கும் அறைக்குள் பணியாளர் கொண்டுசென்ற சுடரிலிருந்து நெருப்புப் பரவியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். புனிதமான இடம் என்பதற்காக நெருப்பு தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

தோள்களில் சுமந்த துலும்பா

மரவீடுகள் நெருங்கி நின்ற இஸ்தான்புல் நகரம் பெருந்தீக்களால் பலமுறை அழிந்தது. இஸ்லாத்தைத் தழுவிய பிரெஞ்சுக்காரரான தாவூத் என்பவர் கையால் இயக்கும் நீர்ப்பம்பு ஒன்றை அமைத்தார். 1720ஆம் ஆண்டளவில் உஸ்மானிய அரசு ஜானிஸாரிப் படையின் அங்கமாகத் தீயணைப்புப் பிரிவை நிறுவியது. பம்பின் பெயர் துலும்பா; அதைச் சுமப்போர் துலும்பாஜிகள். 1826இல் ஜானிஸாரிப் படை கலைக்கப்பட்டபோது இப்பிரிவும் கலைந்தது. பின்னாளில் ஒவ்வொரு மஹல்லாவும் தனக்கென ஒரு துலும்பாஜிக் குழுவை அமைத்துக்கொண்டது. கோபுரத்தின் மேலிருந்து காவலர் அடையாளம் காட்டியதும், இளைஞர்கள் பம்புப் பெட்டியைத் தோளில் ஏற்றிக் குறுகிய தெருக்களில் ஓடுவார்கள்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். 1736இல் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்க்ளினும் அவருடைய நண்பர்களும் தன்னார்வத் தீயணைப்புக் குழுவைத் தொடங்கினர். வாளிகளையும், பொருள்களை அள்ளிப்போடப் பைகளையும் ஒவ்வோர் உறுப்பினரும் சொந்தச் செலவில் ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும் என்பது அவர்களின் விதி.

இவ்வரலாற்றில் கசப்பும் உண்டு. இரு நாடுகளிலுமே குழுக்களுக்கிடையே யார் முதலில் சென்றடைவது என்ற போட்டி மூண்டு, அது கைகலப்பாகவும் மாறியது. இஸ்தான்புல் 1874இல் ஹங்கேரிய அதிகாரி ஒருவரை அழைத்து முறையான தீயணைப்புப் படையை அமைத்தது. நியூயார்க் 1865இல் தன்னார்வக் குழுக்களை விலக்கி ஊதியப் படையை ஏற்படுத்தியது. இக்லாஸும் ஒழுங்கும் பயிற்சியும் இல்லாத ஆர்வம் ஊருக்கே சுமையாகிவிடும் என்பது இதன் பாடம். ஒழுங்கோடு நடத்திய நாடுகளில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. ஜெர்மனியில் தீயணைப்போரில் மிகப் பெரும்பாலோர் தன்னார்வலர்களே.

நம் மாநிலத்தில் தீயணைப்புப் பணி அரசின் துறையாகவே வளர்ந்தது. 1908இல் சென்னையில் தொடங்கிய தீயணைப்புப் படையே இன்றைய தமிழ்நாடு தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையின் வேர். அதனால், தீ என்றால் அது அரசின் வேலை என்ற எண்ணம் நம்மிடம் ஊறிவிட்டது. அண்டை மாநிலமான கேரளமோ 2018 பெருவெள்ளத்திற்குப் பின் ஒவ்வொரு தீயணைப்பு நிலையத்தோடும் ஐம்பது தன்னார்வலர்களை இணைக்கும் குடிமைப் பாதுகாப்புப் படையை உருவாக்கியது. மொத்தம் 6,200 பேர் என்பது அதன் திட்டம். நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முன்மாதிரி இதுவே. துறைக்குப் போட்டியாக நிற்காமல், துறையின் பயிற்சியில், துறையின் கட்டளைக்குக் கீழ் இயங்கும் குழு அது.

நம் வாசலில் நெருப்பு

குருபரப்பள்ளி இன்று பழைய சிற்றூர் அல்ல. கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. சிப்காட் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ஓரறையில் பலராகத் தங்கி, அங்கேயே கேஸ் அடுப்பில் சமைக்கிறார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளும் இரவு ஷிப்டுக்குச் செல்கிறார்கள்.

2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து ஒன்பது உயிர்கள் போயின. அருகிலிருந்த கட்டடங்களும் இடிந்தன. அதே ஆண்டு அக்டோபர் 7 அன்று எல்லைக்கு அப்பால் அத்திப்பள்ளியில் பட்டாசுக் கிடங்கு எரிந்தது. பதினான்குக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீபாவளி நேர வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து சென்ற இளைஞர்கள் அவர்களில் பலர். 2024 செப்டம்பரில் ஓசூர் அருகே கைப்பேசி உதிரிபாகத் தொழிற்சாலையில் பெருந்தீ மூண்டது. அல்லாஹ்வின் அருளால் உயிரிழப்பு இல்லை.

தீயணைப்பு வண்டி எவ்வளவு விரைந்தாலும் நெடுஞ்சாலை நெரிசலைக் கடந்துதான் வர வேண்டும். அதற்கு முந்தைய நிமிடங்கள் அக்கம்பக்கத்தாரின் கையில்தான் இருக்கின்றன.

பூட்டிய கதவுகள்

இரு நிகழ்வுகள் நம் மனசாட்சியை விட்டு அகலக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை எரிந்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் மாண்டனர். தர்காவை நாடி வந்த எளிய மனிதர்கள் அவர்கள். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையற்கூடத்திலிருந்து எழுந்த தீ, கீற்றுக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகளைக் கொண்டுபோனது.

பிள்ளைகள் தங்கிப் பயிலும் மதரஸாக்களை நடத்தும் நமக்கு இவை அயலார் செய்திகள் அல்ல. இரவில் விடுதியின் வெளிக்கதவு பூட்டப்படுகிறதா? சாவி யாரிடம் இருக்கிறது? சமையலறை உறங்கும் அறையை ஒட்டி இருக்கிறதா? இரண்டாவது வழி உண்டா? குர்ஆனைச் சுமக்கும் நெஞ்சங்களை அமானிதமாகப் பெற்றவர்கள் இக்கேள்விகளுக்கு இன்றே விடை தேட வேண்டும்.

"எல்லாம் தக்தீர், நடப்பது நடக்கும்" என்று சிலர் கூறலாம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்குமாறு கற்பித்த நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். முயற்சியைக் கைவிடுவதற்குத் தக்தீரைச் சாக்காக்குவது ஈமானின் அழகன்று.

நாம் செய்யக்கூடியவை

ஒவ்வொரு ஜமாஅத்தும் பத்து, பதினைந்து பேரைத் தேர்ந்தெடுத்து, தீயணைப்புத் துறையிடம் பயிற்சி கேட்கலாம். அக்குழுவில் நம் தெருவின் இந்து, கிறிஸ்தவச் சகோதரர்களும் இருக்க வேண்டும். நெருப்பு மதம் பார்த்துப் பரவுவதில்லை. பள்ளிவாசலில் ஒலிபெருக்கி இருக்கிறது. ஹவ்ளில் நீர் இருக்கிறது. அறிவிப்பைத் தமிழோடு உருது, தெலுங்கு, கன்னடம், இந்தியிலும் சொல்லப் பழக வேண்டும். இந்த எல்லைப்புறத்தில் ஒரே மொழி எல்லோரையும் எழுப்பாது. மணல் வாளிகள், தீயணைப்பான், நீண்ட கயிறு, ஏணி ஆகியவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது.

முதல் பயிற்சி பெண்களுக்கே தரப்பட வேண்டும். அடுப்பருகில் இருப்பவர்கள் அவர்கள்தாமே. கேஸ் வாடை வந்தால் சுவிட்சைத் தொடாமல் ரெகுலேட்டரை மூடிச் சன்னல்களைத் திறப்பது, எண்ணெய்ச் சட்டி பற்றினால் நீர் ஊற்றாமல் அடுப்பை நிறுத்தி மூடியால் மூடுவது, மின்சாரத் தீயில் முதலில் இணைப்பைத் துண்டிப்பது, தீ கைமீறினால் வெளியேறி 101 அல்லது 112ஐ அழைப்பது ஆகியவற்றை ஒரு மாலைப்பொழுதில் கற்றுவிடலாம். பட்டாசும் இரசாயனமும் எரியும் இடத்தில் பயிற்சி பெறாதவர் நெருங்கவே கூடாது. கூட்டத்தை விலக்கி வண்டிக்கு வழிவிடுவதே அங்கு நம் தொண்டு.

ஓர் உயிரை வாழவைப்பது மனித குலம் முழுவதையும் வாழவைப்பதற்கு நிகர் என்ற குர்ஆனின் போதனையை மேடைதோறும் முழங்குகிறோம். அதை மேடையிலிருந்து தெருவுக்கு இறக்க வேண்டிய காலம் இது. வரும் ஜுமுஆவுக்குப் பின் முத்தவல்லியும் இமாமும் இளைஞர்களும் ஒருமுறை உட்கார்ந்து பேசட்டும். ஜனாஸாவுக்கு ஆள் வைத்திருக்கும் மஹல்லா, உயிருக்கும் ஆள் வைத்திருக்கட்டும்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களையும் ஊர்களையும் இம்மையின் நெருப்பிலிருந்தும் மறுமையின் நெருப்பிலிருந்தும் காத்தருள்வானாக! ஆமீன்.