நீதியாசனமும் மக்கள் மன்றமும்

நீதிபதி ஒருவர் தீர்ப்பு எழுதுங்கால் அவருக்குத் துணைவர் வேண்டுவதில்லை. இரு திறத்தார் கூற்றையும் செவிமடுத்துச் சான்றுகளை ஆராய்ந்து, தாம் கண்ட முடிபை எழுதிக் கையொப்பமிட்டால் அவர் கடன் தீர்ந்தது. அதனை நிறைவேற்றும் பொறுப்பு வேறு பலரைச் சார்ந்தது. அரசியல் தலைவருக்கோ அவ்வசதி வாய்ப்பதில்லை. அவர் முடிபு சரியாயிருப்பதோடு, அதன் வழி நடந்துவர மனிதரும் வேண்டும். இவ்வேறுபாட்டை நம் மாணவர் உணர்ந்துகொள்வதற்கு முன்னாள் நீதியரசர் சி. வி. விக்னேஸ்வரன் அவர்களின் பொதுவாழ்வு தக்கதோர் பாடமாகும்.

1939ஆம் ஆண்டிலே கொழும்பிற் பிறந்த அவர், சட்டத்தரணியாகத் தொழில் புரிந்து, 1979இல் நீதிச்சேவையிற் சேர்ந்தார். மட்டக்களப்பு, மல்லாகம் முதலிய இடங்களிற் பணியாற்றிப் படிப்படியாக உயர்ந்து, 1995இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தையும் 2001இல் உயர் நீதிமன்றத்தையும் அடைந்தார். 65 வயது நிரம்பிய 2004இல் ஓய்வு பெற்றார். கால் நூற்றாண்டுக் காலம் பிறர் வழக்கைக் கேட்டவர், இனி அமைதியாக நூல்களோடு காலங் கழிப்பார் என்றே பலரும் எண்ணியிருத்தல் கூடும்.

ஆனால் 2013ஆம் ஆண்டு புரட்டாதியில் நடைபெற்ற வட மாகாண சபைத் தேர்தலிலே தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரை முதலமைச்சர் வேட்பாளராக நிறுத்திற்று. யாழ்ப்பாண மாவட்டத்தில் அவர் பெற்ற விருப்பு வாக்குகள் 132,255. சபையின் 38 ஆசனங்களுள் 30 கூட்டமைப்புக்குக் கிடைத்தன. போர் முடிந்து நான்கே ஆண்டுகள் சென்றிருந்த காலம் அது. உறவுகளையும் உடைமைகளையும் இழந்திருந்த மக்கள், எவராலும் எளிதிற் புறந்தள்ள முடியாத ஒரு குரலைத் தேடினர். உயர் நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த ஒருவரின் வாயிலாகத் தம் வழக்கு உரைக்கப்பட வேண்டுமென விரும்பினர்.

அவ்விருப்பத்தை அவர் நிறைவேற்றினார் என்பதில் ஐயமில்லை. தமிழர்க்கு இழைக்கப்பட்டது இனப்படுகொலையே என்று கூறி, சர்வதேச விசாரணையைக் கோரும் தீர்மானத்தை 2015ஆம் ஆண்டு மாசித் திங்களில் அவரே முன்மொழிந்தார். சபை அதனை ஏற்றது. தெற்கிலே கண்டனம் எழுந்தது. தமிழருள்ளும், காலமறிந்து செய்யப்பட்டதா என்று வினவியோர் உளர். 2016இல் யாழ்ப்பாணத்தில் நடைபெற்ற ‘எழுக தமிழ்’ பேரணியின் பின்னர் அவர் தீவிர தேசியவாதி என்ற பெயர் உறுதிப்பட்டது.

சோதனை வந்தது தெற்கிலிருந்தன்று. தம் சபையினுள்ளிருந்தே வந்தது. தம் அமைச்சர்கள் மீது குற்றச்சாட்டுகள் எழுந்தபோது, முதலமைச்சர் நீதிபதி செய்வதையே செய்தார். விசாரணைக் குழுவை அமைத்தார். அதன் அறிக்கையைப் பெற்றார். 2017 ஆனியில் இருவரைப் பதவி விலகுமாறு பணித்தார். ஏனைய இருவரையும் விடுப்பிற் செல்லுமாறு கேட்டார். முறை பிழையென்று கூறுதல் அரிது. ஆயினும் அவர் கட்சியினர் பலரே அவர்மீது நம்பிக்கையில்லாப் பிரேரணையை ஆளுநரிடம் கையளித்தனர். மக்கள் வீதியிலிறங்கி அவருக்கு ஆதரவு காட்டினர்; பிரேரணையும் மீளப் பெறப்பட்டது. ஆனால் உடைந்த மனங்கள் ஒட்டவில்லை.

அதன் பின்னர் அவர் பதவி நீக்கிய அமைச்சர் ஒருவர் மேன்முறையீட்டு நீதிமன்றத்தை நாடினார். அமைச்சரை நீக்கும் அதிகாரம் முதலமைச்சருக்கு இல்லை என 2019இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாம் ஒருகாலத்தில் வீற்றிருந்த மன்றமே தம் செயலுக்கு எல்லை வகுப்பதைக் காண நேர்ந்தது. மாகாண சபையின் அதிகாரம் எத்துணைச் சிறிது என்பதும் அத்தீர்ப்பால் விளங்கிற்று.

சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிவுற்றதும் அவர் தனிக்கட்சி கண்டார். 2020இல் யாழ்ப்பாணத்திலிருந்து பாராளுமன்றம் சென்றபோது, அவர் அணிக்குக் கிடைத்த ஆசனம் அவருடையது ஒன்றே. முதல் உரையிலேயே தமிழின் தொன்மை பற்றி அவர் கூறியவற்றை ஹன்சார்ட்டிலிருந்து நீக்க வேண்டுமென எதிர்ப்பு எழுந்தது. முப்பதின்மருக்குத் தலைவராக இருந்தவர், ஏழாண்டுகளுள் தனியொருவராய் நின்றார்.

அவரைக் குறை கூறுவோர், சபை போதிய நியதிச்சட்டங்களை இயற்றவில்லை என்பர். அவருக்காகப் பேசுவோர், ஆளுநரின் கையிலே கடிவாளம் இருக்கையில் குதிரையை எங்ஙனம் ஓட்டுவது என்பர். இரண்டிலும் உண்மையுண்டு. ஆயினும் நாம் கருதவேண்டியது மற்றொன்று. திருவள்ளுவர் நடுவுநிலைமையை அறத்துப்பாலில் வைத்தார். சுற்றந்தழாலைப் பொருட்பாலின் அரசியலில் வைத்தார். உடனிருப்போரைத் தழுவி நிற்றலை அரசாளுவோர்க்குரிய கடமையாகவே அவர் கண்டார். முன்னையதில் விக்னேஸ்வரன் அவர்கள் குறைந்தவரல்லர். பின்னையதை அவர் மட்டுமன்று, அவரை அழைத்து வந்தோரும் பேணவில்லை. அதன் இழப்பைத் தாங்கியவர்கள் வாக்களித்த மக்களே.

சட்டம் பயில விழையும் மாணவர்கள் நம்மிடையே பலர் உளர். வழக்கை வெல்லும் வன்மையோடு, மாறுபட்ட கருத்துடைய தோழனை இழக்காதிருக்கும் பொறுமையையும் அவர்கள் இளமையிலேயே பழகிக்கொள்வாராக. பெற்றோரும் ஆசிரியரும் அதற்கு இடமளிப்போமாக.