தலைக்கு விழும் அடிக்கு ஒரே அளவுகோல் வேண்டும்

பாரிஸ் ஒலிம்பிக் ஹொக்கிக் காலிறுதி, 2024 ஓகஸ்ட் 4. இந்தியாவும் பிரிட்டனும் மோதிய அந்த ஆட்டத்தின் 17 ஆவது நிமிடத்தில், இந்தியத் தற்காப்பு வீரர் அமித் ரோஹிதாஸின் மட்டை உயர்ந்து, அவரை மறிக்க வந்த வில் கல்னனின் தலையில் பட்டது. வீடியோ மத்தியஸ்தர் பதிவைப் பார்த்த பிறகு சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மிச்சமிருந்த 43 நிமிடங்களும் பத்துப் பேரோடு தாக்குப்பிடித்த இந்தியா, 1-1 எனச் சமநிலையில் நின்று, பெனால்டி ஷூட் அவுட்டில் 4-2 என வென்றது. அடுத்து, ரோஹிதாஸுக்குச் சர்வதேச ஹொக்கி சம்மேளனம் ஓர் ஆட்டத் தடை விதித்தது. ஹொக்கி இந்தியா செய்த மேன்முறையீடு தள்ளுபடியானது. ஓகஸ்ட் 6 ஆம் திகதி, ஜேர்மனிக்கு எதிரான அரையிறுதிக்கு இந்தியா 15 பேர் கொண்ட அணியுடன் இறங்கி 2-3 எனத் தோற்றது.

தண்டனை அநியாயம் என்ற குரல் இந்தியாவெங்கும் எழுந்தது. வேண்டுமென்று அடித்தாரா, தற்செயலாகப் பட்டதா என்பதே பெரும் விவாதமானது. ரோஹிதாஸ் பின்னர் ஹொக்கி இந்தியா லீக்கில் தமிழ்நாடு டிராகன்ஸ் சட்டையையும் அணிந்தவர். தமிழ் இரசிகர்களுக்கு அவர் மீது பரிவு இருப்பது இயல்பு. ஆயினும் எமது நிலைப்பாட்டைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம்: மட்டை ஒருவரின் தலையில் பட்டதற்கு ஓர் ஆட்டத் தடை அதிகமே அல்ல. அநியாயம் தண்டனையின் கனத்தில் இல்லை. அதே செயலுக்கு ஓரிடத்தில் தடை, இன்னோரிடத்தில் அபராதம், வேறோரிடத்தில் ஒன்றுமே இல்லை என்பதில்தான் அநியாயம் இருக்கிறது. தலைக்கு விழும் அடிக்குத் தண்டனை வேண்டும். அந்தத் தண்டனைக்கு முன்கூட்டியே எழுதிவைத்த ஒரே அளவுகோல் வேண்டும். அதை அளப்பவர் இரு தரப்புக்கும் வெளியே நிற்பவராக இருக்க வேண்டும்.

அளவுகோல் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு வட அமெரிக்காவின் ஐஸ் ஹொக்கி லீக்கான என்.எச்.எல். போல வேறு பாடம் இல்லை. டொரன்டோவில் வாழும் எமது உறவுகளின் பிள்ளைகள் பலர் பார்த்து வளரும் விளையாட்டு அது. 2010 மார்ச்சில் பிட்ஸ்பர்க் அணியின் மாட் குக், பொஸ்டன் அணியின் மார்க் சவார்டின் தலையைப் பக்கவாட்டிலிருந்து வந்து இடித்தார். சவார்ட் அடுத்த பருவத்தில் சில ஆட்டங்களே ஆடினார். மறுபடி தலையில் அடிபட, அவரது விளையாட்டு வாழ்க்கை முடிந்தது. குக்குக்குக் கிடைத்த தடை? ஒரு நாள்கூட இல்லை. அப்படிப்பட்ட இடியைத் தடுக்கும் விதி அன்று புத்தகத்தில் இல்லை என்பதே காரணம். அதன் பிறகுதான், தலையைக் குறிவைக்கும் இடிகளுக்கான 48 ஆவது விதி வந்தது.

விதி வந்த பிறகும் அளவு நேராகிவிடவில்லை. 2012 இல் நாஷ்வில் அணியின் ஷே வெபர், எதிரணியின் ஹென்ரிக் செட்டர்பர்க்கின் தலையைப் பிடித்துக் கண்ணாடித் தடுப்பில் மோதினார். அவருக்கு விதிக்கப்பட்டது 2,500 டொலர் அபராதம் மட்டுமே. அந்தப் பருவத்தில் அவரது சம்பளம் 75 இலட்சம் டொலர். 2024 பெப்ரவரியில் டொரன்டோ அணியின் மோர்கன் ரீலி, ஒட்டாவாவின் ரிட்லி கிரெக்கைத் தலைப்பக்கமாக மட்டையால் தாக்கியதற்கு ஐந்து ஆட்டத் தடை பெற்றார். அதனால் இழந்த சம்பளம் ஏறத்தாழ 1,95,000 டொலர். ரீலிக்குக் கிடைத்தது சரியான தண்டனையே. ஆனால் வெபர் செய்தது அதைவிடச் சிறிய குற்றமா? இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் எந்த வீரருக்கும் அந்த லீக்கின் நீதியில் நம்பிக்கை வராது.

கடுமையாகத் தண்டித்தால் ஆட்டத்தின் வீரம் போய்விடும் என்று வாதிடுவோர் உண்டு. அதே மாட் குக்கின் கதையே அவர்களுக்குப் பதில். 2011 மார்ச்சில் அவர் இன்னொரு வீரரின் தலையில் முழங்கையால் இடித்தபோது, பருவத்தின் மீதி பத்து ஆட்டங்களிலும் அடுத்து வந்த பிளே ஓஃப் முதற்சுற்றிலும் தடை விதிக்கப்பட்டது. மறு பருவத்தில் அவர் தண்டனையாக வெளியே உட்கார்ந்த நிமிடங்கள் முந்தியதில் மூன்றிலொரு பங்களவுக்கு இறங்கின. அவர் ஆட்டத்தை விடவில்லை. ஆடும் விதத்தை மாற்றிக்கொண்டார். நிச்சயமாக வரும் என்று தெரிந்த தண்டனை வீரத்தைக் கெடுப்பதில்லை, பொறுப்பைக் கொண்டுவருகிறது.

அளவுகோலை எதன்மீது வைப்பது என்பதே சிக்கலான கேள்வி. சிலர் நோக்கத்தை அளக்கச் சொல்கிறார்கள். சிலர் காயத்தை அளக்கச் சொல்கிறார்கள். இரண்டுமே முதற்படியாக இருக்கக் கூடாது. ஒருவரின் மனதுக்குள் இருந்ததை வீடியோவில் பார்க்க முடியாது. நோக்கத்தையே வாசலாக்கினால், நன்றாகப் பேசத் தெரிந்தவர் தப்புவார், பேசத் தெரியாதவர் மாட்டுவார். காயத்தை அளப்பது இன்னும் மோசம். அடித்தவரின் அதிர்ஷ்டத்தைத்தான் அது அளக்கும். ஒரே வேகத்தில் ஒரே இடத்தில் பட்ட முழங்கை ஒருவரைச் சாய்க்கும், இன்னொருவரைத் தடுமாறவைத்துவிட்டுப் போகும். போதாக்குறைக்கு, மூளை அதிர்ச்சி நினைவு தப்பாமலே வரலாம். தலைவலி, வாந்தி, மறதி, மந்தம் என அதன் அறிகுறிகள் சில மணி நேரம் கழித்து, சில வேளை சில நாட்கள் கழித்துத் தெரியலாம். இறுதி விசில் ஊதும் நேரத்தில் காயத்தின் கணக்கைக் கேட்டால் சரியான விடை கிடைக்காது.

அடிபட்டவர் எத்தனை நாள் வெளியே இருக்கிறாரோ, அடித்தவரும் அத்தனை நாள் வெளியே இருக்கட்டும் என்ற யோசனையும் அடிக்கடி கேட்கிறது. கேட்கும்போது நியாயம் போலத் தோன்றும். நடைமுறையில், எதிரணியின் முக்கிய வீரரைத் தடையில் வைத்திருப்பதற்காகக் குணமான தம் வீரரை ஆடவிடாமல் வைத்திருக்கும் கழகங்களையும், தம் வீரரின் தடையைக் குறைக்க அடிபட்டவரைச் சீக்கிரம் ஆடவைக்க நெருக்கும் ஆட்களையும் அது உருவாக்கும். காயப்பட்ட பிள்ளையின் தலை பேரம் பேசும் பொருளாகிவிடும். அதை நாம் ஏற்க முடியாது.

எனவே அளக்க வேண்டியவை இரண்டு: அந்தச் செயல் தலைக்கு எவ்வளவு ஆபத்தானது, அதைத் தவிர்த்திருக்க முடியுமா. றக்பி உலகம் கிட்டத்தட்ட இந்த வழிக்கு வந்துவிட்டது. தலையில் பட்டதா, அது விதிமீறலா, ஆபத்து எவ்வளவு, தணிக்கும் காரணம் ஏதும் உண்டா என்று வரிசையாகக் கேட்டே அங்கு அட்டையின் நிறம் முடிவாகிறது. 2023 ஓகஸ்டில் இங்கிலாந்து அணித்தலைவர் ஓவன் ஃபாரெல், வேல்ஸ் வீரரின் தலையில் தோள்பட இடித்துப் பெற்ற சிவப்பு அட்டையை முதல் விசாரணைக் குழு நீக்கியது. உலக றக்பி அமைப்பே அதை எதிர்த்து மேன்முறையீடு செய்தது. நான்கு ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. தண்டிக்கப்பட்டவர் மட்டுமன்றி, தீர்ப்பு மெத்தனமானது என்று கருதும் அமைப்பும் மேலே போகலாம் என்பது அங்குள்ள சிறப்பு. தீர்ப்பின் காரணம் எழுத்தில் இருந்ததால்தான் அதை எதிர்த்து வாதாடவும் முடிந்தது.

தீர்ப்பளிப்பவர் யார் என்பதும் அதே அளவு முக்கியம். 2018 இல் என்.எச்.எல். லீக்கில் வொஷிங்டனின் டொம் வில்சனுக்கு, எதிரணி வீரரின் தலையில் இடித்ததற்காக 20 ஆட்டத் தடை விதிக்கப்பட்டது. லீக்கின் ஆணையாளர் அதை உறுதிசெய்தார். வெளியிலிருந்து வந்த நடுநிலை நடுவர் ஷியாம் தாஸ் அதை 14 ஆகக் குறைத்தார். அதற்குள் வில்சன் 16 ஆட்டங்களை இழந்துவிட்டார். மேன்முறையீடு வெளியாளிடம் போக வேண்டும், விரைவாகவும் முடிய வேண்டும் என்ற இரண்டு பாடங்கள் இதில் இருக்கின்றன. அந்த லீக்கில் ஆறு ஆட்டங்களுக்குக் குறைந்த தடை வெளியாளிடம் போவதில்லை. ரீலியின் மேன்முறையீட்டைக் கேட்டுத் தள்ளியவர் ஆணையாளரே. தம் அலுவலகம் கொடுத்த தீர்ப்பைத் தாமே சரிபார்ப்பது நீதியாகாது.

கிளிவெட்டியிலிருந்து எழுதும் எமக்கு இவை தொலைதூர விவகாரங்கள் அல்ல. அறுவடை முடிந்து சித்திரை வரும்போது மூதூர், வெருகல், கிண்ணியா எங்கும் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டிகள் களைகட்டுகின்றன. இங்கே சம்பளம் இல்லை, வீடியோ மத்தியஸ்தர் இல்லை, எல்லைக்கோட்டருகே வைத்தியரும் இல்லை. தலைகள் மட்டும் அதே தலைகள்தான். உயர்ந்து வரும் பந்துக்கு இரண்டு பேர் எழும்புகிறார்கள். ஒருவரின் முழங்கை மற்றவரின் நெற்றிப்பொட்டில் படுகிறது. விழுந்தவரின் உச்சியில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றப்படுகிறது. “ஒண்டுமில்லை, எழும்பு தம்பி” என்று யாரோ முதுகில் தட்டுகிறார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பையன் மறுபடி களத்தில் ஓடுகிறான். இரவில் வாந்தியெடுத்தால் மூதூர் வைத்தியசாலைக்கும், அங்கிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டித் திருகோணமலைக்கும் கொண்டோட வேண்டியவர்கள் தாயும் தகப்பனும்தான். அடித்தவரின் விடயமோ சுற்றுப்போட்டிக் குழுவுக்குப் போகிறது. அவர் எந்தக் கழகம், குழுவில் அவருக்கு யார் சொந்தம், அடுத்த ஆட்டத்துக்கு அவர் எவ்வளவு தேவை என்பவை முடிவைத் தொடவே கூடாது. எழுதிய விதி இல்லாதவரை அவை தொடத்தான் செய்யும்.

ஆகவே மூதூர், வெருகல் பிரதேச விளையாட்டு உத்தியோகத்தர்களிடமும் உதைபந்தாட்ட லீக்குகளிடமும் கழகங்களிடமும் நாம் கேட்பவை இவை. சுற்றுப்போட்டி விதிப் பத்திரத்தில் தலைத் தாக்குதலுக்குத் தனி விதி இருக்க வேண்டும்: கவனக்குறைவுக்குக் குறைந்தது ஓர் ஆட்டம், தவிர்க்கக்கூடிய ஆபத்தான செயலுக்கு மூன்று ஆட்டங்கள், வேண்டுமென்று செய்தது ஐயமின்றித் தெரிந்தால் அந்தப் பருவம் முழுவதும். நோக்கம் தண்டனையைக் கூட்டலாம். நோக்கம் இல்லை என்பது தண்டனையை நீக்கக் கூடாது. விசாரிக்கும் மூவரில் சம்பந்தப்பட்ட இரு கழகத்தாரும் இருக்கக் கூடாது. இரண்டு நாட்களுக்குள் காரணத்தோடு எழுத்தில் தீர்ப்பு வர வேண்டும். ஒரு மேன்முறையீடு, அதுவும் வேறு மூவரிடம். ஓரிடத்தில் பெற்ற தடை எல்லா இடத்திலும் செல்ல வேண்டும்; இல்லாவிட்டால் இங்கே தடைபெற்றவர் அடுத்த கிழமை அயலூர்ச் சுற்றுப்போட்டியில் சட்டை மாற்றிக்கொண்டு இறங்குவார். தலையில் அடிபட்டவர் அன்று மறுபடி ஆடக் கூடாது. அவருக்காக இறக்கும் மாற்று வீரர் வழக்கமான மாற்றங்களின் கணக்கில் சேரக் கூடாது. கிரிக்கெட்டில் 2019 இலிருந்தே மூளை அதிர்ச்சிக்கு மாற்று வீரர் உண்டு. சர்வதேச உதைபந்தாட்ட விதிகளும் அதற்கு இடம் கொடுத்துவிட்டன. எமது பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் கூடாது?

இதற்கு வசதியில்லை என்று சொல்வார்கள். மேற்சொன்னவற்றில் பெரும் பணம் தேவைப்படும் ஒன்றுகூட இல்லை. ஒரு பக்கத் தாள், கழகம் சாராத மூன்று பேர், தடைபெற்றோர் பட்டியலை அயல் பிரதேசத்துக்கு அனுப்பும் ஒரு தொலைபேசி, இவை போதும். தேவைப்படுவது துணிவு. சொந்தக் கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் இறுதியாட்டத்துக்கு முதல் நாள் தடைபெறும்போதும் அந்தத் தாளில் உள்ளதே தீர்ப்பு என்று நிற்கும் துணிவு. அந்தத் துணிவு இருக்கும் குழு நடத்தும் மைதானத்துக்குத்தான் பெற்றோர் பிள்ளைகளை நம்பி அனுப்ப முடியும். வரும் பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு முன்பே இந்த விதி எழுதப்பட்டு, ஒவ்வொரு அணித்தலைவரின் கையொப்பத்தோடு மத்தியஸ்தரின் கையில் இருக்க வேண்டும்.