மச்சான் கொண்டுவந்த கமரா



இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மச்சான், தன் சின்னக் கமராவை விற்றுவிட்டுப் புதிது வாங்கப்போவதாகச் சொன்னார். நோன்புப் பெருநாளுக்குப் பின் ராத்தாவின் மகளுக்குக் கலியாணம். "நீங்கள் எடுங்கள், குறைத்துத் தருகிறேன்" என்று அவர் ராத்தாவிடம் கேட்க, ராத்தா என்னிடம் கேட்டார்: "தம்பி, கையில போன் இருக்கேக்க இதுக்கு ஏன் காசு குடுக்கோணும்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல ஒரு வாரம் அதை வாங்கி வைத்துப் பார்த்தேன்.

அது 2012ல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ். 100. அன்றைய விலை சுமார் 650 அமெரிக்க டொலர். பற்றரியோடு 240 கிராம்தான்; ஜிப்பாப் பையில் அடங்கும். அளவில் சிறியதானாலும் அந்நாளில் அது உயர்தரக் கமராவாகவே மதிக்கப்பட்டது. பழைய கமராவில் பிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் கமராவில் ஒளியுணரி இருக்கிறது. இதில் அது 13.2 மி.மீ. நீளமும் 8.8 மி.மீ. அகலமும் கொண்டது, சாதாரண சிறிய கமராக்களில் இருப்பதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு பரப்பு. மழைக்கு முற்றத்தில் செம்பை வைப்பதற்கும் சட்டியை வைப்பதற்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வாய் அகன்றால் கூடுதல் ஒளி விழும். குறைந்த வெளிச்சத்திலும் படம் புள்ளி புள்ளியாகச் சிதறாது.

மஃரிபுக்குப் பின் ஒரேயொரு மின்குமிழ் எரியும் எங்கள் விறாந்தையில் உம்மாவைப் படம் பிடித்தேன். பிளாஷ் போடவில்லை. முகத்துச் சுருக்கங்களும் முக்காட்டின் கரைப் பூவும் தெளிவாக விழுந்தன.

ஆனால் தூரத்தை இழுத்துப் பிடிக்கும்போது இந்தத் திறமை குறைகிறது. முழுவதும் இழுத்தால், அகலப் பார்வையில் உள்ளே வரும் ஒளியில் ஏழில் ஒரு பங்களவுதான் வருகிறது. கலியாண வீட்டில் மூலையில் நின்றுகொண்டு மணமகளை இழுத்தெடுப்பதைவிட, நாலு அடி முன்னே போய் எடுப்பதே மேல்.

அடுத்தது பெண்கள் பக்கம். போனில் எடுக்கும் படம் சில நேரம் எடுத்தவர் அறியாமலே இணையச் சேமிப்புக்குப் போய்விடுகிறது; அங்கிருந்து எத்தனை கைக்கு மாறும் என்பது யாருக்கும் தெரியாது. இந்த முதல் மாதிரியில் வைஃபை கிடையாது. படம் மெமரி காட்டிலேயே நிற்கும். நாமாகக் கழற்றிக் கொடுத்தாலன்றி வெளியே போகாது. நம்பி முகம் காட்டிய பெண்களின் படம் ஓர் அமானிதம். ராத்தாவின் இளைய மகளே பெண்கள் பக்கத்தை எடுத்து, காட்டைத் தாயிடம் கொடுத்துவிட்டால் அந்தக் கவலை தீரும். ஆனால் வெளிநாட்டு உறவினருக்கு உடனே அனுப்ப வேண்டுமென்றால் இதுவே குறை.

வேறு குறைகளும் உண்டு. கண்ணை வைத்துப் பார்க்கும் துவாரம் இல்லை. நம் யாழ்ப்பாணத்து நடுப்பகல் வெயிலில் பின்திரையில் எதுவும் தெரிவதில்லை. வில்லை மோட்டாரில் வெளியே நீண்டு உள்ளே போகும். அந்த இடுக்கில் மணல் புகுந்தால் சிக்கிக்கொள்ளும். மழை, தூசிக்குப் பாதுகாப்பு இல்லை. வில்லையைக் கழற்றி மாற்றவும் முடியாது. பற்றரி புதிதாக இருந்தபோதே 330 படம் அளவில்தான் தாங்கும் என்பது உற்பத்தியாளர் கணக்கு. மேலும் போன்கள் வெகுவாக முன்னேறிவிட்டன. இதே அளவு ஒளியுணரி வைத்த போன்களும் வந்திருக்கின்றன. ஓடித்திரியும் பிள்ளைகளைச் சட்டென்று எடுக்க நல்ல போனே சுகம்.

கடைசி நாள் இன்னொரு வேலை பார்த்தேன். 1990 ஒக்ரோபர் 30ஆம் திகதி நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது எனக்கு வயது பத்து. வீட்டுப் படங்கள் எல்லாம் வீட்டோடு போயின. கொழும்பிலிருந்த சாச்சிக்கு முன்பே அனுப்பியிருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் மிஞ்சியது. சோனகதெரு வீட்டுக் கிணற்றடியில் வாப்பாவும், ராத்தாவைக் கைக்குழந்தையாக ஏந்திய உம்மாவும் நிற்பார்கள். அது இப்போது மங்கிக்கொண்டு வருகிறது.

ஜன்னலோரம், நேர்வெயில் படாமல், படத்தைச் சுவரில் நிறுத்தினேன். பிளாஷை நிறுத்தினேன். அகலப் பார்வையில் ஓரங்கள் வளையுமென்பதால் வில்லையைக் கொஞ்சம் இழுத்து, கமராவை நேரெதிரே புத்தகங்களின்மேல் வைத்து, கை அசையாமலிருக்க இரண்டு விநாடித் தாமதத்தில் எடுத்தேன். பிறகு பேரனின் கணினியில் பெரிதாக்கி உம்மாவுக்குக் காட்டினேன். என் போனில் எடுத்த பிரதியில் வெறும் கறையாகத் தெரிந்த ஒன்று இதில் வாளியாகத் தெரிந்தது.

உம்மா வெகுநேரம் பார்த்தார். "கைப்பிடி ஒட்டவச்ச வாளி. அண்டைக்குத் தண்ணியோட வச்சிட்டு வந்தது" என்றார். வேறொன்றும் பேசவில்லை.

இந்த இடத்தில் எங்கள் வீட்டுத் தவறொன்றையும் சொல்ல வேண்டும். 2016ல் மச்சான் வந்தபோது இதே கமராவில் பெரியம்மாவை எத்தனையோ படங்கள் எடுத்தார். எல்லாம் ஒரே கணினியில் இருந்தன. அது பழுதானது, ஒரு படத்தைக்கூட நாங்கள் கழுவி வைத்திருக்கவில்லை. பெரியம்மா இப்போது இல்லை. கமரா தன் வேலையைச் செய்தது; நாங்கள்தான் செய்யவில்லை. 1990ல் மிஞ்சிய படமும், நல்ல கமராவில் எடுத்ததால் மிஞ்சவில்லை. இன்னொரு வீட்டில் ஒரு பிரதி இருந்ததால் மிஞ்சியது.

ஆகவே ராத்தாவுக்கு நான் சொன்னது இது: "எடுக்கலாம். ஆனா கடன் வாங்கி எடுக்க வேணாம். புதுப் பற்றரிக்கும் படம் கழுவவும் காசு ஒதுக்கிப்போட்டு, மிச்சத்துக்கு விலை பேசுங்கோ. கலியாணம் முடிஞ்சதும் நல்ல படங்கள ரெண்டு அல்பமாப் போட்டு, ஒண்ட வேற ஊர்ல இருக்கிற ஒருத்தர்ட குடுத்து வைங்கோ. இதுக்கெல்லாம் காசு காணாதெண்டா கமராவ விட்டுட்டு, இருக்கிற போன்லயே எடுத்து, கழுவி வைங்கோ."

உங்கள் வீட்டிலும் மங்கிப்போன படம் ஒன்று இருக்கும். அதில் இருப்பவர்களின் பெயர் சொல்லத் தெரிந்த மூத்தவர் இருக்கும்போதே அதைப் பிரதி எடுத்து, பெயர்களை எழுதி வையுங்கள்.

வஸ்ஸலாம்.