நைட்டிங்கேல் அம்மையாரின் இறைநம்பிக்கையும் செவிலித் தொண்டும்

நோயாளிக்குப் பணிவிடை செய்பவரைச் செவிலியர் என்று தமிழில் வழங்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான் என்றாலும், அச்சொல் மிகப் பழமையானது. அகத்திணை மரபில் செவிலி என்பவள் தலைவியைப் பெற்றவள் அல்லள், வளர்த்தவள். உடன்போக்குச் சென்ற மகளைத் தேடிப் பாலை நிலத்தில் எதிர்ப்படுவோரிடமெல்லாம் வினவிச் செல்பவளும் அவளே. பெறாத பிள்ளைக்காக வெயிலில் நடக்கும் அத்தாயின் பெயரை மருத்துவமனைப் பணிக்குச் சூட்டியவர் எவராயினும் பாராட்டுக்குரியவர். ஆங்கிலத்தில் வழங்கும் நர்ஸ் என்னும் சொல்லும் முதலில் குழந்தைக்குப் பாலூட்டி வளர்ப்பவளையே குறித்தது என்பது ஈண்டு எண்ணத்தக்கது.

அத்தாய்மையை ஒரு கல்வியாகவும் ஒழுங்குடைய தொழிலாகவும் ஆக்கிக் காட்டியவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார். அவர் பிறந்த மே 12ஆம் நாளே உலகச் செவிலியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. நம் மாணவர் பலரும் அறிந்திருப்பது, கையில் விளக்கேந்தி நள்ளிரவில் புண்பட்ட வீரர்களிடையே நடக்கும் பெண்ணின் படம் ஒன்றே. அந்தப் படத்திலும் பிழை உண்டு. ஓவியர் பலர் அவர் கையில் தரும் கிண்ண விளக்கு கற்பனையானது. அவர் ஏந்தியது துருக்கியர் அன்றாடம் பயன்படுத்திய, மடித்து வைக்கத்தக்க ஃபானூஸ் விளக்கு. விளக்கே மாறிப்போன பின் அதை ஏந்திய கையை இயக்கிய உள்ளம் மறைந்து போனதில் வியப்பில்லை. அவரை இரக்கத்தின் வடிவமாக மட்டும் காட்டுதல் போதாது என்பதே நம் கருத்து. இரக்கம் பலருக்கும் உண்டு. பெரும்பாலும் அது கண்ணீரோடு முடிந்துவிடும். அம்மையாரின் இரக்கத்தை ஓயாத உழைப்பாகவும் கணக்காகவும் மாற்றியது, தாம் இறைவனின் பணிக்கு அழைக்கப்பட்டவர் என்னும் அவருடைய உறுதியே.

1820ஆம் ஆண்டில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பெற்றோர் தங்கியிருந்தபோது பிறந்ததால் அவ்வூரின் பெயரே அவருக்கு இடப்பட்டது. குடும்பமோ இங்கிலாந்தில் பெருஞ்செல்வம் படைத்தது. தாய்வழிப் பாட்டனார் வில்லியம் ஸ்மித், அடிமை வாணிகத்தை எதிர்த்தும், அரசுத் திருச்சபையைச் சாராதோரின் சமய உரிமைக்காகவும் நாடாளுமன்றத்தில் போராடியவர். 1837 பிப்ரவரி 7ஆம் நாள், பதினேழு வயதும் நிரம்பாத அந்தப் பெண், இறைவன் தம்மைத் தன் பணிக்கு அழைத்ததாகக் குறித்து வைத்தார். அழைப்பு வந்ததே தவிர, பணி இன்னதென்று விளங்கவில்லை. அதனை உணரவே ஆண்டுகள் பல சென்றன.

1845இல் சாலிஸ்பரி மருத்துவமனையில் சில மாதங்கள் தங்கிப் பணி பழக விரும்புவதாக அவர் வீட்டில் தெரிவித்தார். தாயும் தமக்கையும் கலங்கினர், அனுமதி மறுக்கப்பட்டது. அவர்களை மட்டும் குறை கூறுதல் தகாது. அந்நாளில் நர்ஸ் என்றாலே குடிப்பழக்கமும் ஒழுக்கக் குறைவும் உடையவள் என்பதே பொதுமக்கள் எண்ணம். டிக்கன்ஸ் தம் புதினம் ஒன்றில் படைத்த, போதையேறிய கேம்ப் என்னும் நர்ஸ் அவ்வெண்ணத்தின் வடிவமே. மானமுள்ள வீட்டுப் பெண்ணை அந்தக் கூட்டத்துக்கு யார் அனுப்புவார்? அம்மையார் வீட்டை விட்டு ஓடவில்லை, பணியவும் இல்லை. விடியற்காலையில் எழுந்து மருத்துவமனை அறிக்கைகளைத் தனியே படித்துக் குறிப்பெடுத்தார். தம்மை மணக்க விரும்பிய ரிச்சர்ட் மாங்க்டன் மில்ன்ஸ் என்னும் பண்பாளரை 1849இல் மறுத்தார்.

அவ்வாண்டின் இறுதியில் குடும்ப நண்பருடன் எகிப்துக்குச் சென்ற அவர், அலெக்சாந்திரியாவில் வின்சென்ட் தெ பால் சகோதரியர் நடத்திய பள்ளியையும் மருந்தகத்தையும் கண்டார். நைல் நதிப் பயணத்தின்போது, 1850 மார்ச் 7ஆம் நாள் நாட்குறிப்பில் ஒரு செய்தி வருகிறது: நற்பெயரை நாடாமல் தனக்காக மட்டும் நன்மை செய்வாயா என்று இறைவன் தம்மைக் கேட்டதாக எழுதுகிறார். நம் மார்க்கத்தில் இக்லாஸ் என்கிறோமே, அந்தத் தூய எண்ணம் பற்றிய கேள்வியன்றோ இது! 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் ஊரில், பாதிரியார் பிளீட்னர் நிறுவிய மருத்துவமனையில் மூன்று மாதம் பயின்றார். 1853இல் இலண்டனில், நோயுற்ற பெண்களுக்கான ஓர் இல்லத்தின் பொறுப்பை ஏற்றார்.

மறு ஆண்டில் கிரீமியப் போர் மூண்டிருந்தது. துருக்கிச் சுல்தானுக்குத் துணையாக இங்கிலாந்தும் பிரான்சும் ரஷ்யாவை எதிர்த்தன. இஸ்தான்புல்லுக்கு எதிர்க்கரையில், இன்று உஸ்குதார் எனப்படும் ஸ்குத்தாரியில், சுல்தான் மூன்றாம் சலீமின் பெயர் தாங்கிய படைவீட்டைத் துருக்கியர் ஆங்கிலேயருக்கு மருத்துவமனையாக அளித்தனர். 1854 நவம்பரில் 38 பெண்களுடன் அம்மையார் அங்கு வந்திறங்கினார். அவர்களுள் கத்தோலிக்கக் கன்னியர் பதின்மர்; ஆங்கிலத் திருச்சபை அமைப்புகளைச் சார்ந்தோர் 14 பேர்; எஞ்சியோர் மருத்துவமனைப் பணியாளர். இந்தக் கலப்பே இலண்டன் இதழ்களில் பூசலைக் கிளப்பியது. சாகக் கிடக்கும் வீரனை எந்தச் சபைக்கு இழுப்பார்களோ என்று அஞ்சியவர்கள், அவன் ஏன் சாகிறான் என்று கேட்கவில்லை. நோயாளியிடம் சமயப் பரப்புரை செய்யலாகாது என்பதில் அம்மையார் உறுதியாக நின்றார். அங்கே அவருக்கு உற்ற துணையாக விளங்கியவர் கத்தோலிக்கத் துறவி மேரி கிளேர் மூர் என்பது குறிப்பிடத்தக்கது. வீரர்களின் ஊதியம் குடிக்குப் போகாமல் இல்லத்தாருக்குச் சேரவும், அவர்கள் எழுதப் படிக்க வாசக சாலை அமையவும் அவர் வழிசெய்தார். இரவு எட்டு மணிக்குப் பின் நோயாளர் கூடங்களில் வேறு பெண்கள் இருக்கலாகாது என்றும் விதித்தார். அதனாலேயே அவர் மட்டும் தனியே விளக்குடன் சுற்றி வந்தார்.

இத்தனை தொண்டு நடந்தும் 1855 பிப்ரவரியில் ஸ்குத்தாரியில் நோயாளிகளுள் நூற்றுக்கு 42 பேர் மடிந்தனர். காயத்தால் இறந்தவரைவிடக் கழிச்சலாலும் காய்ச்சலாலும் இறந்தவரே மிகப் பலர். கட்டடத்தின் கீழே அடைபட்ட சாக்கடைகள். மார்ச்சில் வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் தூர்வாரி, குப்பையை அகற்றி, நீர்வழியில் செத்துக் கிடந்த குதிரையை எடுத்து, சுவர்களுக்குச் சுண்ணாம்பு அடித்துக் காற்றோட்டம் செய்தனர். ஜூன் மாதத்தில் இறப்பு நூற்றுக்கு இரண்டளவாகக் குறைந்தது. நாடு திரும்பிய அம்மையாருக்கு வரவேற்பு காத்திருந்தது; அவர் அதனைத் தவிர்த்து, புள்ளியியல் அறிஞர் வில்லியம் ஃபாருடன் அமர்ந்து இறந்தோர் கணக்கை ஆராய்ந்தார். வட்டத்தைக் கூறுகளாகப் பிரித்து, நோய்ச்சாவையும் போர்ச்சாவையும் வண்ணங்களால் வேறுபடுத்தி அவர் வரைந்த படம் ஆட்சியாளரின் கண்ணைத் திறந்தது. 1858இல் புள்ளியியல் சங்கத்தின் முதற்பெண் உறுப்பினரானார்.

இந்தக் கணக்கு வேறு, அவருடைய பக்தி வேறு என்று கருதுவோர் உளர். 1860இல் தம் நண்பர்களுக்காக மட்டும் அச்சிட்ட மூன்று தொகுதிகளில் அவரே விடை கூறியிருக்கிறார். இறைவன் விதிகளின் வழியாகவே உலகை நடத்துகிறான். அவ்விதிகளைக் கண்டறிந்து அவற்றின்படி செயலாற்றும் மனிதன் இறைவனின் பணியில் பங்கு கொள்கிறான் என்பது அவர் கொள்கை. ஊரின் கழிவெல்லாம் தேம்ஸ் ஆற்றில் கலந்துகொண்டிருக்க, கொள்ளை நோயிலிருந்து காக்குமாறு தேவாலயத்தில் வேண்டிக்கொள்வது தமக்கு விந்தையாகப்பட்டதை அவர் எழுதுகிறார். இது வேண்டுதலை இகழ்வதன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் இறைவனிடம் ஒப்படைக்க எண்ணியவருக்கு நபிகள் நாயகம் (ஸல்) கூறிய அறிவுரையை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். சாக்கடையைத் தூர்வாருவதும் அவருக்கு ஒரு துஆ.

அவர் குறையற்றவர் அல்லர். நாவில் கடுமை உண்டு. நோயுற்ற நண்பர் சிட்னி ஹெர்பர்ட்டை 1861இல் அவர் இறக்கும்வரை வேலை வாங்கியதைப் படிக்கும்போது நமக்கே மனம் நோகிறது. செவிலியரைப் பதிவு செய்யும் சட்ட முயற்சியையும் எதிர்த்தார். இந்தியாவுக்கு அவர் வந்ததே இல்லை. எனினும் இங்குள்ள படைமுகாம்கள்தோறும் தகவல் திரட்டி, வீரர்களின் இறப்பு ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 என்றிருந்த நிலை மாற உழைத்தார். 1873இல் அது 18 ஆகக் குறைந்ததை அவரே எழுதினார். பின்னர் அவர் பார்வை உழவரிடமும் பஞ்சத்திடமும் திரும்பியது. காவிரியில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டனின் பாசனக் கருத்துக்கு ஆதரவாக நின்றார்.

நம் மேடைகளில் இப்பொருள் வந்தால், அவருக்கு முன்பே எங்கள் ருஃபைதா (ரலி) இருந்தார் என்று கூறிக் கைதட்டல் பெறுவது வழக்கமாகிவிட்டது. உண்மைதான். 627ஆம் ஆண்டின் அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅது இப்னு முஆத் (ரலி) அவர்களை மதீனாப் பள்ளிவாசலில் அமைந்த ருஃபைதாவின் கூடாரத்திலேயே நபிகளார் சேர்த்தார்கள். பள்ளிவாசலுக்குள் ஒரு பெண்ணின் மருத்துவக் கூடாரம்! ஆனால் அதே மேடையிலிருந்து இறங்கி வீடு சேர்ந்ததும், செவிலியர் கல்வி பயில விரும்பும் மகளிடம், அந்த வேலை நம் குடும்பத்துக்கு ஆகாது என்று சொல்பவரை நாம் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்! சாலிஸ்பரி செல்லவிடாத தாயார் பேசிய அதே பேச்சு. மருத்துவத்தைப் பர்ளு கிஃபாயா என வகுத்த இமாம் கஸ்ஸாலி, தம் காலத்தில் சட்ட விவாதம் பயிலக் கூட்டமாகச் செல்வோர், முஸ்லிம் மருத்துவரே இல்லாத ஊர்களைப்பற்றிக் கவலைப்படாததைக் கண்டு வருந்தினார். அவ்வருத்தம் செவிலியத்துக்கும் பொருந்தும்.

பெற்றோரின் அச்சம் பொய்யன்று. இரவுப் பணி, தங்குமிடம், பாதுகாப்பு ஆகியவை மெய்யான கேள்விகளே. ஆயின் அவை விடை காணத்தக்கவை. 1860இல் இலண்டன் புனித தாமஸ் மருத்துவமனையில், மக்கள் அளித்த நிதியைக் கொண்டு அம்மையார் தொடங்கிய பள்ளியில் முதலில் சேர்ந்தவர் 15 பேர். அவர்களுக்குத் தனித்தனி அறை, உணவு, சீருடை, கைச்செலவுக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன் ஆகியவை தரப்பட்டன. நடத்தைக்கெனத் தனிப் பதிவேடும் இருந்தது. பெற்றோரின் அச்சத்தைச் சொற்பொழிவால் அவர் போக்கவில்லை. நம்பத்தக்க விடுதியால் போக்கினார். செவிலியர் கல்லூரிகளுக்கு அருகில் மாணவியர் விடுதி ஒன்றையும், தேவையுள்ள மாணவிக்கு ஜகாத் நிதியிலிருந்து கட்டணத்தையும் ஒவ்வொரு மாவட்டத்திலும் ஜமாஅத்துகள் சேர்ந்து ஏற்பது இயலாத செயல் அன்று. இம்மலரைப் படிக்கும் பெரியவர்கள் அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இதனை முன்வைக்குமாறு வேண்டுகிறோம்.